எட்டுப் புள்ளி நாலு

மூன்றாவது விசில் வரவேயில்லை.
அடுப்பு நீலமாய் ஒருமுறை விக்கி
நின்றுபோனது.
சிலிண்டரைச் சாய்த்துப் பார்த்தேன், உருட்டிப் பார்த்தேன்.
மாசக் கடைசிச் சம்பளக் கவர் மாதிரி
கனமே இல்லாமல் உருண்டது.

குக்கருக்குள் கால் கிலோ ஆட்டு ஈரல்,
மஞ்சளும் உப்பும் போட்டது.
வெந்துதான் இருந்தது. வறுக்கத்தான் நெருப்பில்லை.
பல்லுப் பல்லாய்க் கீறிய தேங்காய்
வட்டலில் காத்திருந்தது,
மாப்பிள்ளை வராத மண்டபத்தில்
பந்திக்கு உட்கார்ந்த சனம் போல.

ஈரல் வாங்கினதற்குக் காரணம் இருக்கிறது.
புதன்கிழமை, அவிநாசி ரோட்டு ஆஸ்பத்திரி,
துளசிமணிக்கு ரத்தம் வேண்டுமென்று
செக்கிங்கிலிருந்து நாலு பேர் போனோம்.
விரலைக் குத்திப் பார்த்த நர்ஸ் புள்ள
"எட்டுப் புள்ளி நாலுங்க. உங்களுக்கே பத்தாது,
நீங்க யாருக்குங்க குடுக்கறது?" என்று
பஞ்சை அமுக்கி அனுப்பிவிட்டது.

கொடுத்தது பேக்கிங்கில் இருக்கிற ஒடியாப் பையன்.
சுசாந்த் என்று பேர். அன்றைக்குத்தான் தெரியும்.
மாம்பழ ஜூஸ் டப்பாவை உறிஞ்சிக்கொண்டே
எங்களுக்கு முன்னால் பஸ் ஏறிவிட்டான்.
இவனுகளால்தான் நம்ம ஓவர்டைம் போச்சு என்று
டீ டயத்தில் பேசினவர்களில் நானும் ஒருத்தி.

ஆறின ஈரலுக்கு மழை கண்ட செங்கல் நிறம்.
வீட்டுக் கத்தி தக்காளிக்கே முனகும்.
கைப்பையிலிருந்து நூல் வெட்டுகிற கத்தரியை எடுத்து
ரெண்டு தரம் சோப்புப் போட்டுக் கழுவி
நறுக்கினேன்.
பதினாலு வருசம் பிசிறு வெட்டின கை,
துண்டெல்லாம் ஒரே அளவு.
நடுவில் ரப்பர்க் குழாயாய் ஒரு நரம்பு வந்தது.
அதையும் பிசிறென்றே வெட்டிப் போட்டேன்.

சின்ன வெங்காயம் ஒரு பிடி, பச்சையாகவே.
பச்சைமிளகாய் ரெண்டு. மல்லித்தழை. அந்தத் தேங்காய்.
நுணுக்கின மிளகு.
செக்குக் கடலெண்ணெய் ஒரு கரண்டி, காயாமல்.
எலுமிச்சம்பழத்தைப் பிழிந்ததும்
ஈரலின் ஓரம் லேசாய் வெளுத்தது,
ஊசியைப் பார்த்த என் முகம் போலத்தான் இருக்கும்.

ஒட்டுக்காப் பிசறி ஒரு வாய் போட்டேன்.
முதலில் புளிப்பு. அப்புறம் உறைப்பு.
கடைசியில், நாக்கின் அடியில்,
பழைய தாழ்ப்பாளை நக்கின ருசி.
அந்த ருசிக்குத்தானே காசு கொடுத்தது.

பக்கத்து ரூம் ஃபேஷன் காலேஜ் பையன் எட்டிப் பார்த்து
"அக்கா, இது சாலட்டுங்க" என்றான்.
"சாலட்டுன்னா?"
"சமைக்கச் சோம்பேறித்தனப்பட்டா வெக்கற பேருங்க"
என்று நாலு துண்டை வாயில் போட்டுக்கொண்டு போனான்.

மீதியைப் போசியில் போட்டு மூடி
வேலம்பாளையத்துக்குப் போனேன்.
துளசிமணி சுவரைப் பிடித்து எழுந்து வந்தாள்.
தின்றாள். பேசாமலே தின்றாள்.
"உப்பு ஒரு கல்லு கம்மி" என்றாள்.
பிறகு விரலால் கொஞ்சத்தை ஓரம் ஒதுக்கினாள்.
"அந்தப் பையனுக்கு."
"அவன் இதெல்லாம் திம்பானா?"
அவளுக்கும் தெரியவில்லை.
அவன் ரத்தம் அவளுக்குள் ஓடி நாலு நாளாச்சு,
அவன் என்ன தின்பான் என்று
ரெண்டு பேருக்கும் தெரியவில்லை.

திங்கள் காலை. எக்ஸ்போர்ட் வெள்ளை.
எலுமிச்சைத் தோலைப் போட்டுத் தேய்த்தும்
நகக்கண்ணில் மஞ்சள் போகவில்லை.
பதினோரு மணிக்கு ஒரு பீஸின் கழுத்தில்
கட்டைவிரல் அளவுக்கு ஒரு மங்கல்.
குறை கண்ட இடத்தில் அம்பு ஸ்டிக்கர் ஒட்டுவதுதான் வேலை.
ஒன்றைப் பிய்த்தேன்.
அந்தப் பக்கம் சூப்பர்வைசர்.
இந்தப் பக்கம் அட்டைப்பெட்டி தூக்கிக்கொண்டு
சுசாந்த் வந்துகொண்டிருந்தான்.
பைக்குள் போசி இருந்தது.

அம்பை என் நகத்தில் ஒட்டிக்கொண்டு
எழுந்தேன்.